நித்தியக் கோடையில் பாதரட்சை

பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று டிகிரி தூரத்தில் அமைந்த கோலாலம்பூரில் கோடை என்று தனியே ஒரு பருவம் வருவதுமில்லை, வந்தது விடைபெற்றுச் செல்வதுமில்லை. தாயகத்தில் சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மோரும் நுங்கும் பருத்தி ஆடையும் நினைவுக்கு வருவதும், ஆடிக்காற்று வீசியதும் அவை மறந்துபோவதும் இயல்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் நமக்கோ தையிலும் ஐப்பசியிலும் ஒரே விதமாக நடுப்பகல் உஷ்ணம் 32, 33 டிகிரி செல்சியஸை எட்டுகிறது, நள்ளிரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமாக இருக்கிறது, காற்றில் கலந்துள்ள ஈரமோ ஆண்டு முழுவதும் நூற்றுக்கு எண்பது என்ற அளவை ஒட்டியே நிற்கிறது. நண்பகலில் கொதித்த தார்ச்சாலையில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இடிமழை பெய்து தண்ணீர் தேங்கிவிடுகிறது. இவ்வாறு உஷ்ணமும் ஈரமும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் தேசத்தில், அவ்விரண்டையும் முதன்முதலில் ஏற்கும் அவயவம் பாதமே. அதற்கு நாம் அணிவிக்கும் பாதரட்சையைப் பற்றி ஆற அமரச் சிந்திப்பது அநாவசியமான ஆடம்பரமன்று. தேக சௌக்கியத்தின் ஆரம்பப் பாடங்களில் அது ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

நம் சமயம் பாதத்துக்கு அளித்திருக்கும் ஸ்தானம் மிக உயர்ந்தது. கிள்ளானில் 1892ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் சேவிக்கச் செல்பவர் எவராயினும், பெருமாளின் திருவடிகள் பொறித்த சடாரியைச் சிரசில் ஏற்றுக்கொண்ட பிறகே மனநிறைவுடன் திரும்புகிறார். வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைகளைக் குறித்தே 1008 சுலோகங்கள் பாடி, பாதுகா சகஸ்ரம் என்று பெயரிட்டார். திருவடியைப் போற்றும் இத்தகைய பரம்பரையில் வந்த நாம், பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் ஒரு சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் பொருத்தம் பார்ப்பதில் ஒரு பிற்பகலையே செலவிட்டுவிட்டு, நம்மைச் சுமக்கும் சொந்தப் பாதங்களுக்கு வேண்டிய செருப்பைப் புறப்படும் அவசரத்தில் நிறத்தைக் கண்டு எடுத்துக்கொண்டு வருகிறோம் என்பது வருத்தத்துக்குரியது.

இந்த அசிரத்தைக்குப் பின்னே ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1877இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தை வந்தடைந்த ரப்பர் நாற்றுகளின் சந்ததி மலாயாவின் மேற்குக் கரை நெடுகக் காடாகப் பரவியபோது, அந்த மரங்களைச் சீவிப் பால் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், விடிவதற்கு முன்பே எழுந்து, பனியில் நனைந்த புல்லிலும் சேற்றிலும் வெறுங்காலுடன்தான் நிரைக்கு நிரை நடந்தார்கள். கழிப்பிட வசதி அற்பமாக இருந்த லயங்களைச் சுற்றியிருந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பெருகின. கண்ணுக்குப் புலப்படாத அவை, விரல் இடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து இரத்த ஓட்டத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கே கொக்கியிட்டுத் தங்கி இரத்தத்தைக் குடிப்பவை. முகம் வெளிறி, மூச்சு வாங்கி, நடையில் தளர்ந்த தொழிலாளியைச் சோம்பேறி என்று கங்காணியும் துரையும் ஏசிய காலத்தில், அவன் உடம்பில் இரத்தமே குறைந்திருந்தது என்பதைப் பரிசோதனையால் அறிய நேர்ந்தது. ராக்பெல்லர் அறநிதியத்தின் சர்வதேச சுகாதார வாரியம் அனுப்பிய டாக்டர் டார்லிங் தலைமையிலான குழு, 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜித் தீவுகளிலும் இந்தப் புழுவை ஆராய்ந்து, மருந்து கொடுத்து வெளியேற்றிய புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கிட்டு, 1920இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கழிப்பிடமும் காலணியும் சேர்ந்து தடுத்திருக்கக்கூடிய ஒரு வியாதி, ஒரு தலைமுறையின் பலத்தை உறிஞ்சியிருக்கிறது.

உலகத்தின் பாதங்களுக்கெல்லாம் ரப்பர் அடித்தோல் தந்த மரத்தைச் சீவியவர்கள் தாங்களே வெறுங்காலுடன் நடந்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1930களில் செக்கோஸ்லோவாக்கியாவின் பாட்டா நிறுவனம் மலாயாவில் கால் பதித்துக் கிள்ளானிலேயே தொழிற்சாலை அமைத்தது. அதே ஊரில் ஃபங் கியோங் என்ற சீன நிறுவனமும் ரப்பர்ச் சப்பாத்துகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. கிள்ளான் என்றால் துறைமுகத்தையும் பக்குத்தேயையும் மட்டும் நினைப்பவர்கள், இந்நாட்டுக் குழந்தைகளின் பள்ளிச் சப்பாத்துகளைத் தயாரித்த ஊராகவும் அதை நினைக்க வேண்டும். இன்றும் பால்மரம் சீவுபவர்களும் மலையேறுபவர்களும் விரும்பி அணியும், ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர்ச் சப்பாத்துக்கு மலாய் மக்கள் அன்புடன் ‘அடிடாஸ் கம்போங்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சேற்றுச் சரிவில் அதன் முண்டுகள் பற்றும் பற்றுக்கு விலையுயர்ந்த சப்பாத்துகள் பலவும் ஈடாகா. ஆனால் காற்றுப் புக வழியில்லாத அந்த ரப்பர்க் கூட்டுக்குள் நாள் முழுவதும் காலை வைத்திருப்பது தகாது; வேலை முடிந்ததும் கழற்றிக் கவிழ்த்து உலர்த்த வேண்டிய வகை அது.

இதிலிருந்து முதல் விதியைக் கொள்ளலாம்: நம் சீதோஷ்ணத்தில் நல்ல பாதரட்சை என்பது முதலாவதாகக் காலை உலர விடுவது. இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன என்று சரீர சாஸ்திரிகள் கணக்கிடுகிறார்கள். குளிர்தேசங்களில் சப்பாத்துக்குள் ஊறிய வியர்வை வறண்ட காற்றில் விரைவில் வெளியேறிவிடும். நம் காற்றோ ஏற்கனவே ஈரத்தால் கனத்திருப்பதால், காலையில் நனைந்த சப்பாத்து மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கிறது. நான்காம் ஐந்தாம் விரல்களின் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரிக்கும் சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பூஞ்சைக்கு இதைவிட உகந்த இருப்பிடம் வேறு கிடைக்காது. தோலோ கான்வாஸோ வலைத்துணியோ மேற்புறமாக அமைந்த சப்பாத்துகளுக்குள் காற்று ஓரளவு ஊடாடும். பளபளக்கும் செயற்கைத் தோல் அதற்கு இடம் கொடாது. உத்தியோகத்தின் பொருட்டு மூடிய சப்பாத்து அணிந்தே தீரவேண்டியவர்கள், ஒரே ஜோடியைத் தினந்தோறும் அணியாமல் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்து, ஓய்வு பெறும் ஜோடிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வைத்தால், கால் அதன் பலனை ஒரு வாரத்துக்குள் அறியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு அவசியம். வெள்ளைச் சப்பாத்துக்குச் சுண்ணம் பூசி வெயிலில் காயவைத்த ஞாயிற்றுக்கிழமைகள் பெரியவர்களின் நினைவில் இருக்கும். 2018இல் கல்வி அமைச்சு கறுப்புச் சப்பாத்துக்கு மாற முடிவெடுத்து, 2021 முதல் அதுவே விதியாயிற்று. நிறம் மாறியதே தவிர, மழையில் நனைந்த சப்பாத்தை மறுநாளும் ஈரத்துடன் மாட்டிக்கொண்டு பள்ளி வேன் ஏறும் குழந்தையின் நிலை மாறவில்லை. வளரும் பாதமாயிற்றே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும், விலை கொடுத்த பொருளாயிற்றே என்று விரல் மடங்கும் வரை அணியச் செய்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குழந்தையை நிற்க வைத்து, நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும்.

காற்றோட்டம்தான் வேண்டும் என்றால் ‘ஜப்பான் சிலிப்பர்’ போதுமே என்று வாசகர் கேட்கலாம். பாசார் மாலாமில் சொற்ப விலைக்குக் கிடைப்பதும், நனைந்தாலும் உடனே உலர்வதும், வீட்டு வாசலில் கழற்றி மாட்ட எளிதாக இருப்பதும் அதன் குணங்கள். குளியலறைக்கும், வாசலுக்கும், எதிர்க்கடைக்கும் அது நல்ல துணை. ஆனால் கே.எல். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் அலைந்து திரும்புகிறவருக்கு அது ஏற்றதன்று. குதிகாலைப் பிடித்துக்கொள்ளப் பட்டை இல்லாத செருப்பு கழன்று போகாதிருக்க, ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் சுருண்டு அதைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஆபர்ன் சர்வகலாசாலையில் 2008இல் நடந்த ஆய்வொன்று, இத்தகைய செருப்பணிந்தவர்களின் அடி குறுகுவதையும், காலின் தசைகள் வேறுவிதமாகப் பிரயாசைப்படுவதையும் எடுத்துக்காட்டிற்று. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துவதாகச் சொல்லும் பெண்மணிகள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! பகலெல்லாம் தட்டையான மெல்லிய சிலிப்பரில் நடந்து, வீட்டுக்குள் பளிங்கு, ஓடு போன்ற கடினத் தரையில் வெறுங்காலுடன் சமையலுக்கு நிற்பதால், உள்ளங்காலின் நீண்ட தசைநார் நைந்து வீக்கம் கொள்வதே அந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றும் வழக்கம் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவருக்கும் பொதுவான உத்தம வழக்கம். அதைக் கைவிடச் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று, மெத்தென்ற அடியுள்ள சுத்தமான ஒரு ஜோடியைத் தனியே வைத்துக்கொண்டால் ஆசாரத்துக்கும் பங்கமில்லை, குதிகாலுக்கும் நிவாரணம் உண்டு.

ஆகையால் வெளியே நடப்பதற்குக் குதிகாலைச் சுற்றிப் பின்பட்டை உள்ள செருப்பையே நான் முதலாவதாகச் சொல்வேன். அதைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தாலும், துணியைப் பிழிவதைப் போல் முறுக்க முடிந்தாலும், அதைத் திருப்பி வைத்துவிடலாம். முன்புறம் விரல்கள் விரிந்து படியும் அகலம் வேண்டும். கூர்முனைச் சப்பாத்துக்குள் ஒடுக்கிய பெருவிரல் நாளடைவில் பக்கவாட்டில் சாய்ந்து அதன் மூட்டு புடைத்துக்கொள்கிறது. கடைக்குப் போக மாலை நேரமே உசிதம். ஏனெனில் நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் உஷ்ணத்தில் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்திய செருப்பு மாலையில் கடிக்கும். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்க்காமல் எழுந்து நின்று, இரண்டு காலிலும் அணிந்து, கடைக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு அடி நடக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது, பெரிய பாதத்துக்கே அளவு கொள்ள வேண்டும். போகப் போகத் தளர்ந்துவிடும் என்ற விற்பனையாளரின் உறுதிமொழியை நம்பிக் கடிக்கும் செருப்பை ஒருபோதும் வாங்காதீர்கள்.

அடிப்பாகத்தைப் பற்றி இந்நாட்டுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. திருமணத்துக்கு அணிந்துவிட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்திய சப்பாத்தை, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்தால், மண்டபத்தின் நடுவிலேயே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் அனுபவம் நம்மில் பலருக்குப் பரிச்சயமானது. பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆன அடித்தோலை, காற்றிலுள்ள ஈரமும் உஷ்ணமும் சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைப்பதே இதன் காரணம். அணியாமல் வைத்திருப்பதால் அது காப்பாற்றப்படுவதில்லை. அடிக்கடி அணிந்து காற்றாட விடுவதே நல்லது. மழையில் வழுக்கும் ஐந்தடிப் பாதையின் ஓடுகளில் நடக்க, ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடி வேண்டும். எனினும், அடி தடித்தால் தடித்த அளவுக்கு நலம் என்று எண்ணுவதும் பிழை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸின் நடைபாதைகளில் பதித்திருக்கும் முகடுகள் கொண்ட மஞ்சள் ஓடுகளைக் கைத்தடியாலும் உள்ளங்காலாலும் உணர்ந்தே பார்வையற்ற அன்பர்கள் வழி தேர்கிறார்கள்; பூமியைப் பாதம் ஓரளவு அறிந்துகொண்டிருப்பது, பார்வையுள்ள முதியவர்கள் தடுக்கி விழாதிருப்பதற்கும் அவசியம்.

நான் மிகுந்த கவலையுடன் எழுத விரும்புவது இனி வரும் பகுதியே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரில் மட்டும் அது நூற்றுக்கு 30ஐத் தாண்டியிருந்தது. நாம் ‘இனிப்பு நீர்’ என்று சாதாரணமாகச் சொல்லும் இந்த வியாதி, பல ஆண்டுகளில் பாதத்தின் நரம்புகளை ஓசையின்றி மரத்துப்போகச் செய்கிறது. மரத்த காலில் செருப்புக் கடித்தால் வலிக்காது, ஆணி ஏறினால் தெரியாது, சுட்டால் உறைக்காது. வலிக்கவில்லையே என்று அதன்மேலேயே நடந்து நடந்து, சிறு கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பை எட்டி, முடிவில் விரலையோ பாதத்தையோ இழந்தவர்கள் இல்லாத தெரு நம்மிடையே அரிது.

இந்த மரத்த பாதத்துக்கு வழி காட்டியது தமிழ் மண்ணே என்பதை மலேசியத் தமிழர்கள் அறிந்து பெருமை கொள்ளலாம். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்கள் அழுகுவது அந்த வியாதியின் இயற்கை என்று உலகம் நம்பிய காலத்தில், அவர்களுடைய புண்களைப் பொறுமையுடன் தொடர்ந்து கவனித்து, உணர்ச்சியற்ற பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதே புண்ணுக்குக் காரணம் என்று நிரூபித்தார். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் அவரும் அவருடைய சகாக்களும் செருப்பையே சிகிச்சையாக ஆக்கினார்கள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் உட்புறம், முள்ளும் கண்ணாடியும் துளைக்காத கடின ரப்பர் வெளிப்புறம், பாதத்துக்குள் ஏறக்கூடிய ஆணி ஒன்றுகூட இல்லாத ஒட்டுவேலை, கழன்று போகாதபடி பின்பட்டை என்பவையே அந்தச் செருப்பின் லட்சணங்கள். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அதே தத்துவத்தை நீரிழிவுப் பாதங்களுக்கும் பொருத்தினார். நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில், உணர்விழந்த பாதங்களுடன் வாழ்ந்த பல இனத்தவர்களின் சரித்திரமும் இதனுடன் இணைத்து எண்ணத் தக்கது.

ஆகவே நீரிழிவு உள்ளவர் வாங்கும் செருப்புக்கு அந்த லட்சணங்களே இன்றும் அளவுகோல். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் செல்லும் சிலிப்பர் அவருக்கு ஆகாது. அந்த இடுக்கிலேயே புண் தொடங்கும். அணிவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வாசலில் கிடந்த சப்பாத்துக்குள் கூழாங்கல்லும் இருக்கலாம், பூரானும் இருக்கலாம். உணர்ச்சி குன்றிய பாதத்தினர் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது என்பது நீரிழிவுப் பாத நிபுணர்களின் சர்வதேசக் குழு கூறும் தெளிவான விதி. தங்கள் பாதத்தில் உணர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று அறிய, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை போதும். ஆண்டுக்கொரு முறை அதைச் செய்யும்படி அரசாங்கக் கிளினிக்கில் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் பெருவெள்ளம் புகுந்தபோது இடுப்பளவு நீரில் வெறுங்காலுடன் உடைமைகளை மீட்டவர்களை நாம் மறக்கவில்லை. எலிக்காய்ச்சலின் கிருமி அத்தகைய நீரில் கலந்து, காலின் சிறு கீறல் வழியே உட்புகும். வெள்ளம் அறியாத தாமான்களிலும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வீட்டில் இருக்க வேண்டும்.

எஞ்சியது கோயில். தைப்பூசத்தில் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டுப் பத்துமலைக்குச் செல்லும்போது, உடன் செல்லும் பல்லாயிரவரின் வெறுங்கால் நடை நம் பக்தியின் மகத்தான காட்சி. 272 படிகளையும் அவ்விதமே ஏறும் சங்கற்பத்தை எவரும் குறைகூற முடியாது. ஆனால் உணர்வற்ற பாதத்துடன் நடுப்பகலில் கொதிக்கும் தளத்தில் நின்று, இரவில்தான் கொப்புளத்தைக் கண்டறியும் முதியவரின் துன்பத்தை முருகன் விரும்புவான் என்று நான் நம்பவில்லை. அத்தகையோர் விடியற்காலையிலோ சூரியன் சாய்ந்த பின்னரோ சென்று, சன்னிதி வாசல் வரை பாதரட்சையுடன் நடந்து, அங்கே கழற்றித் தரிசித்துத் திரும்புவது எந்த நேர்த்தியையும் பங்கப்படுத்தாது. கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு: நுழைவாயில் முதல் கருவறை முகப்பு வரை தென்னைநார் விரிப்பும், செருப்பு விடும் இடத்தில் முதியோர் அமர்ந்து கழற்ற இரண்டு நாற்காலிகளும், கால் அலம்பும் குழாயடியில் துடைத்துக்கொள்ள உலர்ந்த துணியும் வைத்துக் கொடுங்கள். பெரிய செலவில்லை, பலர் பாதம் பிழைக்கும்.

வாசகர்களுக்கு: வரும் தீபாவளிக்கு வீட்டுப் பெரியவர்களுக்கு வேட்டியும் சேலையும் எடுக்கையில், பின்பட்டையும் மெத்தடியும் உள்ள ஒரு ஜோடி செருப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். அளவைக் கேட்டு நீங்களே வாங்கி வராதீர்கள். மாலை வேளையில் அவர்களையே கடைக்கு அழைத்துச் சென்று, நிற்கவும் நடக்கவும் செய்து, அவர்களுக்குச் சுகமானதை வாங்கிக் கொடுங்கள்.